இடப்பக்கத்துப் பிரேக்

பதினோரு வருடங்களில் அறுநூறு பேருக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார் மாஸ்டர். அந்தப் பதினோரு வருடமும் அவர் உட்கார்ந்திருந்தது இடப்பக்கத்து இருக்கையில். ஸ்டியரிங் அடுத்தவர் கையில், பயம் அடுத்தவர் வயிற்றில், பேச்சு மட்டும் மாஸ்டருடையது.

"அரை கிளட்ச். அரைன்னு சொன்னேன், நீங்க முழுசா விட்டுட்டீங்க. காபிக்கு அரைக் கரண்டி சக்கரைன்னு கேட்டா முழுக் கரண்டி கொட்டுவீங்களா? கொட்டுவீங்க போல. மறுபடியும் எடுங்க."

பயிற்சி வண்டியில் இடப்பக்கத்திலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஓட்டுபவர் சுவரைப் பார்த்துப் பாசத்தோடு போனால், மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிப்பார், வண்டி நின்றுவிடும். அப்படி மிதித்து மிதித்து, அவருடைய வலது கால் ஒரு தனி ஆளாகவே ஆகிவிட்டது. ஆள் தூங்கினாலும் கால் தூங்காது. மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்; கால் மட்டும் கட்டில் சட்டத்தை ஓங்கி மிதிக்கும். கனவில் யாரோ லாரிக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் மனைவி புரிந்துகொண்டு திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மாஸ்டர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த குடி மூன்று வருடமாகியும் கிளம்பவில்லை. முதலில் சனிக்கிழமை மட்டும் எட்டிப் பார்த்தது. பிறகு வெள்ளியும் சனிக்கு முந்தைய நாள்தானே என்று உரிமை கொண்டாடியது. அதன் பிறகு கிழமை பார்ப்பதையே விட்டுவிட்டது. காலையில் ஏலக்காயை மென்றுகொண்டு பயிற்சிப் பள்ளிக்குப் போவார். ஏலக்காய் வாசனை வந்தால் மாஸ்டர் நேற்று ஒழுங்காகத் தூங்கவில்லை என்று மாணவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஒருநாள் காலை, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் பின்னோக்கி எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் கால் பிரேக்குக்கு வந்துசேர ஒரு விநாடி தாமதமானது. பின்னால் இருந்த சலவைக்கடைச் சுவரில் வண்டியின் விளக்கு நொறுங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கடை வாசலில் ஒரு கிழவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் விளக்குக்கும் இடையே இருந்த தூரத்தை மாஸ்டர் கண்ணால் அளந்தார். ஒரு முழம்.

பள்ளி முதலாளி கத்தவில்லை. "மாஸ்டர், கொஞ்ச நாள் வீட்டுல இருங்க" என்றார், காபி சாப்பிடுங்க என்பதுபோல.

மனைவியும் கத்தவில்லை. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எந்த முடிவையும் இரண்டு தடவை சரிபார்த்த பிறகே வெளியே கொடுப்பாள். இந்த முடிவையும் அப்படித்தான் கொடுத்தாள். துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"நாளையிலேருந்து குடிக்க மாட்டேன்னு சொல்லாதீங்க. அது எனக்கு மனப்பாடம். குடிக்கிறத நிறுத்த நெனைக்கிறவங்க ஒண்ணாச் சேர்ந்து கூட்டம் நடத்துறாங்களாம். அங்க போங்க. போய் வாயத் தொறந்து பேசுங்க."

"அங்க போய் என்ன பேசறது?"

"பதினோரு வருஷமா வாய் ஓயாம பேசுறீங்க. உங்களுக்குப் பேசத் தெரியாதா?"

"அது வண்டியப் பத்தி."

"இது ஓட்டுறவரப் பத்தி." பையின் ஜிப்பை இழுத்தாள். "எனக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. முப்பதாம் தேதிக்குள்ள பதில் எழுதணும். நீங்க போக ஆரம்பிச்சா இங்க இருக்கேன். இல்லன்னா போறேன். அதுவரைக்கும் வண்டிச் சாவி அம்மாகிட்ட இருக்கட்டும்."

அவள் போனது இரண்டு தெரு தள்ளியிருந்த தன் அம்மா வீட்டுக்கு. வெளியூருக்கு முதல் படி இரண்டு தெரு தூரம்தான் என்பது மாஸ்டருக்கு விளங்கியது.

அத்தை, அதாவது மாஸ்டரின் மாமியார், முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ பேருடைய கல்யாணப் பேச்சும் சொத்துச் சண்டையும் அவர் காதுக்குப் பக்கத்தில் போயிருக்கின்றன. ஒன்றுகூட வாய் வழியாக வெளியே வந்ததில்லை. கூட்டம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை அவர் தானாகவே எடுத்துக்கொண்டார். மகள் மருத்துவமனை அறிவிப்புப் பலகையிலிருந்து எழுதிக்கொண்டு வந்த தாளில் நான்கு எண்கள் இருந்தன. தாள் பழையது என்பது முதல் எண்ணிலேயே தெரிந்துவிட்டது. அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. அத்தை அதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்தப் பொண்ணு மூக்கால பேசுது" என்று தீர்ப்புச் சொல்லி அடுத்த எண்ணுக்குப் போனார்.

இரண்டாவது எண்ணில் ஒரு பேக்கரிக்காரர் எடுத்தார். கூட்டமா, எத்தனை பேர், எத்தனை கிலோ கேக் என்று கேட்டார். மூன்றாவது, ஒரு நூலகத்து மாடி. அங்கே இப்போது நடனம் சொல்லித்தருகிறார்களாம். "வேணும்னா வாங்கம்மா, வயசு தடையில்ல" என்றார்கள். அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். நான்காவது எண்ணில் ஒரு பெண் குரல்.

"வியாழக்கிழமை ஆறு மணிக்கும்மா. மேட்டுத் தெரு ஆரம்பப் பள்ளி, ஒண்ணாம் வகுப்பு. ஆறு பத்துக்குள்ள வந்திடணும். அப்புறம் வாட்ச்மேன் கேட்டப் பூட்டிடுவார். இல்லன்னா ஊர்ல இருக்கிற நாயெல்லாம் நடைபழக உள்ள வந்துடுது."

"நீங்க யார் பேசுறீங்க?"

"இங்க பேர் சொல்லிக்கிறதில்லம்மா. செடி விக்கிறேன், நாத்துப்பண்ணை வச்சிருக்கேன். அப்படியே கூப்பிடுவாங்க."

அத்தை போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "பேர் கேக்காத எடம். நல்ல எடமாத்தான் இருக்கும் மாப்பிள்ளை."

சாவி அத்தையிடம் இருந்ததால் ஓட்டும் வேலையும் அவருக்கே வந்தது. போன வருடம்தான், ஐம்பத்தெட்டு வயதில், உரிமம் வாங்கியிருந்தார். கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். நான்காவது முயற்சியில் கிடைத்தது. முதல் மூன்றும் மேட்டில் நிறுத்தி எடுப்பதில் போனது. அந்த உரிமத்தை அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டில், கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். கண்ணாடியை எடுக்கும்போதெல்லாம் அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார். வண்டியும் அறிமுகமானதுதான். பள்ளியில் ஓடி ஓய்ந்த பழைய பயிற்சி வண்டியை மாஸ்டர் சொந்தமாக வாங்கியிருந்தார். இடப்பக்கத்துப் பிரேக்கைக் கழற்றவே இல்லை. ஒரு குடும்பக் காரில் அது எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, "இருக்கட்டும், காலுக்குப் பழகின எடம்" என்று சொல்லியிருந்தார்.

முதல் வியாழன் ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டார்கள். மேட்டுத் தெரு பெயருக்கு மோசம் செய்யாத தெரு. யாரோ சுவரைச் சாய்த்துவைத்துத் தார் போட்டதுபோல் இருந்தது. உச்சியில் பள்ளியின் பச்சை கேட். அத்தை முதல் கியரில், நாக்கைக் கடித்துக்கொண்டு ஏறினார். கேட் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எதற்கோ சிரித்தார். இங்கே வருகிறவர்களுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தபோது, கேட்டுக்கு நூறடி இருக்கையில், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது.

பின்னால் தண்ணீர்க் கேன் ஏற்றிய வேன் ஹாரன் அடித்தது.

"அத்தை, கிளட்ச்சப் படக்குனு விட்டுட்டீங்க" என்றார் மாஸ்டர். அப்போது அதை அவர் முழுமனதோடு நம்பினார்.

அத்தை கைபிரேக்கைப் போட்டார், எடுத்தார், வண்டி பின்னால் உருண்டது, மறுபடியும் போட்டார். மூன்று முறை முயன்று, கடைசியில் வேன்காரர் இறங்கி வந்து சைகை காட்ட, பின்னோக்கியே அடிவாரம் வந்துசேர்ந்தார்கள். அத்தையின் முகத்தில் வியர்வை. மணி ஆறு எட்டு.

"நீங்க நடந்து போயிடுங்க மாப்பிள்ளை. ஓடினா புடிச்சிடலாம்."

"உங்கள இப்படி நடுரோட்டுல விட்டுட்டா? மாமா இருந்தா என்ன நெனைப்பார்?"

"மாமா இருந்தா முதல்லயே நடந்துதான் போயிருப்பார். அவருக்குக் கார்னாலே பயம்."

ஆனாலும் மாஸ்டர் போகவில்லை. மாமியாரை இந்த நிலைமையில் தனியே விட்டுவிட்டுப் போகிற மருமகன் தான் இல்லை என்று மூன்று விதமாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மேலே கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மகள் கேட்டாள்: "உள்ள போனாராம்மா?"

"இல்ல. என்னாலதான் லேட்டாயிடுச்சு. மேட்டுல நிறுத்திட்டேன்."

தேர்வு தள்ளிப்போன மாணவனைப்போல மாஸ்டர் லேசான மனதோடு வீடு திரும்பியிருந்தார். அந்த லேசான மனதைக் கொண்டாட ஒரு பாட்டில் தேவைப்பட்டது.

இரண்டாவது வியாழனும் அதே மேடு, அதே நூறடி, அதே குலுக்கல். ஆனால் இந்தமுறை மாஸ்டர் தற்செயலாகக் கீழே குனிந்து பார்த்தார். இடப்பக்கத்துப் பிரேக்கின் மேல் ஒரு செருப்பு அழுத்தமாகப் பதிந்திருந்தது. யார் செருப்பு இது என்பதுபோல் ஒரு கணம் பார்த்தார். பட்டையில் போன மாதம் அவரே போட்ட தையல் இருந்தது. தன் காலைத் தானே கையும் களவுமாகப் பிடித்த மனிதர் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

அத்தை ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இப்பவும் கிளட்ச்சா மாப்பிள்ளை?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாசல் திறந்திருக்க முடியாது. மாஸ்டர் காலைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார்.

"கிளட்ச்தான் அத்தை."

அன்றைக்குக் குடித்ததில் கொண்டாட்டம் எதுவும் இல்லை. வெறுமனே குடித்தார்.

மறுவாரம் விடியற்காலையில் வாசலில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டு விழித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அத்தை தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். அரை மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து நிறுத்தி, பூட்டி, கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்து போனார். அடுத்த நாளும் அப்படியே. எங்கே போகிறார் என்று கேட்க மாஸ்டருக்கு வாய் வரவில்லை. ஊரில் வேறு எங்கே அவ்வளவு செங்குத்தான மேடு இருக்கிறது?

மூன்றாவது வியாழன் மாஸ்டர் தீர்மானத்தோடு ஏறினார். கால்மேல் கால் போட்டு, இரண்டையும் கைகளால் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஏதோ வயிற்றுவலிக்காரர்போல் உட்கார்ந்தார். பாதி மேடுவரை எல்லாம் நன்றாகவே போனது. அப்போது கேட்டுக்குள் நுழைந்த ஒருவர் திரும்பினார். மாஸ்டரின் பல் டாக்டர். இவருடைய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியவர். வாய்க்குள் அவ்வளவு தூரம் பார்த்த ஒருவர் முன்னால் வாயைத் திறந்து வேறு பேச வேண்டுமா? கட்டிப்பிடித்த கைகள் தளர்ந்தன, கால் இறங்கியது, வண்டி அணைந்தது. முதல் வாரம் அந்தக் கால் தனியாகத்தான் வேலை செய்தது. இந்த வாரம் அதற்கு ஆள் துணை இருந்தது.

"கிளட்ச்" என்றார் மாஸ்டர். அத்தை திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தபடி வண்டியை இறக்கினார்.

அன்று மாலை மகள் அம்மாவிடம் சொன்னாளாம்: "உனக்கு ஓட்ட வரலன்னா விட்டுடேன்மா. ஏன் உன்னையும் வருத்திக்கிட்டு?" பிறகு அலமாரியிலிருந்து பெரிய பெட்டியைக் கீழே இறக்கி, துணிகளை அதற்கு மாற்றத் தொடங்கினாளாம். இதை அத்தைதான் மறுநாள் போனில் சொன்னார். முப்பது வருட வழக்கத்தை மீறி அடுத்தவர் பேச்சை அவர் கடத்தியது அதுவே முதல் தடவை. அன்றைக்கு மாஸ்டர் குடிக்கவில்லை. அடுத்த நாளும் குடிக்கவில்லை. பாட்டில் அலமாரியில்தான் இருந்தது. அதைத் திறந்தால் ஒரு பெட்டி மூடும் சத்தம் கேட்கும்போலிருந்தது. நான்காம் நாள் அதைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, வாசனை போவதற்காக வீட்டை இரண்டு முறை துடைத்தார்.

இருபத்துநான்காம் தேதி, நான்காவது வியாழன். முப்பதுக்கு முன்னால் இருந்த கடைசி வியாழன். அத்தை ஐந்து மணிக்கே வந்துவிட்டார். உட்காரவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தார். பிறகு கண்ணாடிக் கூட்டைத் திறந்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டு, உரிமத்தைச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஒரு டாக்சிக்குச் சொல்லியிருக்கேன் மாப்பிள்ளை. அஞ்சரைக்கு வந்துடும். இனிமே நான் வண்டியத் தொடப்போறதில்ல."

"ஏன் அத்தை?"

"காலையில தனியா போய் அந்த மேட்டுல மொத்தம் ஒன்பது தடவ ஏறிட்டேன். ஒரு தடவகூட நிக்கல. நீங்க பக்கத்துல உக்காந்தாத்தான் நிக்குது. சொல்லிக்குடுத்தவர் முன்னாடி ஓட்டணும்னா எனக்குக் கால் நடுங்குது போல. எனக்கே தெரியாம நடுங்குது. என் நடுக்கத்துல உங்க குடும்பம் கெட வேணாம்."

டாக்சியில் ஏறிப் போய்விடலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் டாக்சி அந்த நூறடியை நெருங்கும்போது, 'கொஞ்சம் திருப்புங்க, ஒரு சாமானை மறந்துட்டேன்' என்று தன் வாயே சொல்லும் என்பது மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்தது. பிரேக் இல்லாவிட்டால் வாய் அந்த வேலையைப் பார்க்கும். மேஜைமேல் இருந்த உரிமத்தில் அத்தை சிரிக்காமல் முறைத்துக்கொண்டிருந்தார். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னபோது, இது என்ன கல்யாணமா என்று கேட்டவர்.

"அத்தை, அது உங்க கால் இல்ல."

"பின்ன?"

"வாங்க, காட்டுறேன்."

வாசலில் நின்ற வண்டியில் அத்தையை ஓட்டும் இருக்கையில் உட்காரவைத்து, இரண்டு கால்களையும் இருக்கைமேல் தூக்கி மடித்துக்கொள்ளச் சொன்னார். "பிரேக்கப் பாத்துக்கிட்டே இருங்க" என்றார். பிறகு இடப்பக்கம் ஏறித் தன் பிரேக்கை மிதித்தார். அத்தை பக்கத்துப் பிரேக், யாரும் தொடாமல், மெதுவாகக் கீழே போனது. காலை எடுத்தார், அது மேலே வந்தது. மறுபடியும் மிதித்தார், போனது.

அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மூணு வாரமும்?"

"மூணு வாரமும்."

"தெரிஞ்சேவா?"

"முதல் வாரம் தெரியாது. ரெண்டாவது வாரம் தெரிஞ்சுது. மூணாவது வாரம்... தெரிஞ்சேதான்."

அதற்குள் டாக்சி வந்து பின்னால் நின்றது. அத்தை கால்களைக் கீழே இறக்கவில்லை. சம்மணமிட்டபடியே, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"எக்ஸ்சேஞ்ச்ல லைன் அறுந்தா திட்டு எங்களுக்குத்தான் விழும். கம்பி எங்கேயோ அறுந்திருக்கும். முப்பது வருஷம் வாங்கிக்கிட்டேன், பரவாயில்ல. ஏன்னா, நான் திட்டு வாங்குறது அந்தக் கம்பிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே மாப்பிள்ளை."

மாஸ்டர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அத்தை இறங்கிப் போய் டாக்சிக்காரரிடம் ஏதோ சொல்லி அனுப்பினார். வீட்டுக்குள் போய்ச் சாவியையும் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். உரிமம் கூட்டுக்குள் போனது.

"பின்னாடி ஏறுங்க" என்றார்.

"அத்தை?"

"பின்னாடி பிரேக் இல்லல்ல?"

பதினோரு வருட மாஸ்டர் தன் சொந்த வண்டியில் முதல் தடவையாகப் பின் இருக்கையில் ஏறினார். முழங்கால் முன் இருக்கையில் இடித்தது. தெருமுனை திரும்பும்போது பழக்கதோஷத்தில், "அத்தை, அரை..." என்று ஆரம்பித்தார்.

"பின்னாடி உக்காந்திருக்கிறவங்க ஓட்டுறவங்ககிட்டப் பேசக் கூடாது. நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

மேடு வந்தது. கேட் தெரிந்தது. மாஸ்டரின் வலது கால் வழக்கம்போல் ஓங்கி மிதித்தது. கீழே தரையில் விரித்த மிதியடி மட்டுமே இருந்தது. இன்னொரு தடவை மிதித்தது. வண்டி அதைச் சட்டையே செய்யாமல், முதல் கியரில் முனகிக்கொண்டு, நூறடியையும் தாண்டி, பச்சை கேட்டுக்குள் நுழைந்து நின்றது. மணி ஆறு ஏழு. "இறங்குங்க" என்றார் அத்தை. சொன்ன குரலில், ஒன்பது தடவை ஏறியவருக்குப் பத்தாவது தடவை ஏறியதில் இருந்த திருப்தியை மறைக்க முடியவில்லை.

ஒன்றாம் வகுப்பில் பத்துப் பேர் இருந்தார்கள். ஆறு வயதுக்கு அளவெடுத்த நாற்காலிகளில் ஐம்பது வயது மனிதர்கள் முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு யானைப் படம், ஒரு குடைப் படம், கைகழுவும் முறை. நாற்றுப்பண்ணைக்காரம்மா, நகக்கண்ணில் மண்ணோடு, ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கடைசி நாற்காலியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் திரும்பினார். பல் டாக்டரேதான்.

"இங்க நான் உங்களப் பாத்ததில்ல" என்றார் டாக்டர் தணிந்த குரலில். "கிளினிக்ல பாத்தா அங்க பாத்துக்கலாம்."

"சரிங்க டாக்டர்."

"பல் எப்படியிருக்கு?"

"பாத்ததே இல்லன்னீங்களே."

"ஆமால்ல" என்று டாக்டர் டீயைக் குடித்தார்.

அன்று முதலில் பேசியதும் அவர்தான். "குடிச்ச காலத்துல பேஷன்ட்டப் பாத்து 'வாயத் தொறங்க'ன்னு சொல்லிட்டு, நான் வாய மூடிக்குவேன். வாசன வரக் கூடாதே. மூணு வருஷம் சைகையிலயே வைத்தியம் பாத்தேன். ஒரு அம்மா என்ன வாய் பேச வராதவர்னே நெனச்சுட்டாங்க. பாவம், இவ்வளவு படிச்சும் இப்படின்னு பூ கொண்டுவந்து குடுத்தாங்க." எல்லோரும் சிரித்தார்கள். மேட்டில் பார்த்த சிரிப்பு இதுதான் என்று மாஸ்டருக்குப் புரிந்தது.

ஒவ்வொருவராகப் பேசி முடித்து, பேச்சு மாஸ்டரிடம் வந்தது. "முதல் நாள் கேட்டுட்டுப் போனாலும் போதும். கட்டாயமில்ல" என்றார் நாற்றுப்பண்ணைக்காரம்மா.

கட்டாயம் இல்லை என்றதும் பாதி உயிர் வந்தது. ஆனால் மனைவி வாயைத் திறந்து பேசச் சொல்லியிருந்தாள். மாஸ்டர் எழுந்தார், நாற்காலியும் கூடவே எழுந்தது. டாக்டர் அதைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டார்.

"நான் கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கிறவன். மூணு வாரமா இங்க வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று ஆரம்பித்தார். பிரேக்கைப் பற்றிச் சொன்னார். கிளட்ச் என்று சொன்ன பொய்யைச் சொன்னார். விடிகாலையில் தனியாக மேடு ஏறிய மாமியாரைப் பற்றிச் சொன்னார். சலவைக்கடை வாசலில் இருந்த கிழவரையும் அந்த ஒரு முழத்தையும் சொல்ல நினைக்கவில்லை, அதுவும் வந்துவிட்டது. அதுவரை அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பின் இருக்கையில் மிதியடியை மிதித்த இடத்துக்கு வந்தபோது டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாஸ்டருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் தானும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் இந்தக் கேட்டுவரைக்கும் வந்து ஏழு தடவ திரும்பிப் போயிருக்கேன்" என்றார் நாற்றுப்பண்ணைக்காரம்மா. "உங்களுக்கு ஒரு கால்தான். எனக்கு ரெண்டு காலும் பிரேக்கு. கடைசியா எப்பக் குடிச்சீங்க?"

"போன வியாழன். மூணாவது தடவ தப்பிச்சுட்டு வந்த அன்னிக்கு."

"அப்ப ஏழு நாள்."

பத்துப் பேரும் கைதட்டினார்கள். கியர் மாற்றவே ஏழு நாள் போதாது என்று மாணவர்களிடம் சொல்கிறவர் அவர். ஏழு நாளுக்கு வாங்கிய கைதட்டலை என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வெளியே அத்தை வண்டியைத் திருப்பி, இறக்கத்தைப் பார்க்க நிறுத்திவைத்திருந்தார். மாஸ்டர் தானாகவே பின்கதவைத் திறந்து ஏறினார். ஆனால் வண்டி மாஸ்டர் வீட்டுத் தெருவைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளிப் போய் நின்றது.

"அவகிட்ட மூணு தடவ என் தப்புன்னு சொல்லியிருக்கேன்" என்றார் அத்தை. "அத நான் மாத்திச் சொல்லப்போறதில்ல."

மனைவி சாப்பாட்டு மேஜையில் மாற்றல் உத்தரவை விரித்துவைத்துக்கொண்டு, பேனாவை மூடியும் திறந்தும் உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் பெரிய பெட்டி நின்றது. மாஸ்டர் உட்காராமலே சொன்னார். கூட்டத்தில் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. இங்கே சிரிக்க ஆளில்லை. மூன்று வாரப் பொய்யையும் மூன்று வியாழன்களில் குடித்ததையும் இந்த ஏழு நாள் குடிக்காததையும் சொன்னார். இதைக் கேட்டு அவள் அந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டால் தடுக்கத் தன்னிடம் எந்தப் பிரேக்கும் இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அவர் முடித்த பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். அத்தை அடுப்பங்கரையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏழு நாள்ங்கிறது நெசமா?"

"வேணும்னா ரத்தம் எடுத்துப் பாரு."

"ஊசியக் கண்டா மயங்கி விழறவரு. உங்களத் தூக்கவும் நாந்தான் வரணும்." அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை; வர இடம் இருந்தது. "அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

மாஸ்டர் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். "அத்தை..."

"காதுல விழுது, விழுது" என்றது அடுப்பங்கரை. "இன்னும் கேக்கல. வண்டியில கேக்கட்டும். இப்ப உன் வேலையப் பாரு."

மனைவி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உத்தரவின்மேல் வைத்தாள். இரண்டு வரி எழுதினாள். வழக்கப்படி அதை இரண்டு முறை படித்தாள்.

"வரமாட்டேன்னு எழுதல. யோசிக்க அடுத்த மாசம் முடியுறவரைக்கும் டயம் கேட்டிருக்கேன். பெட்டி இங்கயேதான் இருக்கும், நானும் இங்கதான் இருப்பேன். நாலு வியாழக்கிழமை வருது. ஒண்ணு தப்பினாலும் நான் கெளம்பிடுவேன். புரியுதா?"

மாஸ்டர் உடனே தலையாட்டவில்லை. அவள் தலைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய நாட்காட்டியிடம் போய், தாளைத் தூக்கி, அடுத்த மாதத்தின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக எண்ணினார்.

"அஞ்சு வருது" என்றார்.